ஆடாத மேசை

திருவண்ணாமலை செங்கம் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஜல்லி லாரி ஒன்று கடந்து போனால், மேசையில் இருக்கும் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று தோளால் இடித்துக் கிணுகிணுக்கும். பல வருஷமாக அங்கே டீ குடிக்கிறேன். அந்தச் சத்தம் காதில் விழுந்ததே இல்லை. இப்போது விழுகிறது. விழுந்ததும் வாயில் உப்புக் காற்று, காலடியில் சிவப்புக் கம்பளம், நெஞ்சுக்குள் கோபம். டீ ஆறிப்போகிறது.

அது கப்பலின் சத்தம். சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு, இலங்கையைத் தொட்டுக் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து இறக்கும் சொகுசுக் கப்பல். நான், என் அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மாமா, மூன்று பேரும் போனோம். கடல் பார்க்கப் போகவில்லை. அக்காவைச் சாப்பிட வைக்கப் போனோம்.

அக்காவுக்கு வலது கை நடுங்கும். நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும், முழுதாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கை சாதாரணக் கை கிடையாது. கீழ்பென்னாத்தூரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரச வாளியைத் தூக்கிய கை. சாப்பிடுகிறவர் உள்ளங்கையைக் குழித்து நீட்டினால், அந்தக் குழிக்குள் ஒரு சொட்டு வெளியே போகாமல் ரசத்தை இறக்குகிற கை. அவளுக்கும் ரசம் என்றால் உயிர். எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, கையில் வாங்கி, கண்ணை மூடி உறிஞ்சுவாள்.

நடுக்கம் வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் அவள் பந்தியில் உட்கார்ந்தாள். விரல் பட்டு இலை படபடவென்று அடித்துக்கொண்டது. எதிர்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "இலைக்கு சலங்க கட்டி வுட்டாப்ல இருக்குதே!" என்றார். வரிசையே சிரித்தது. பாயசம் வாயில் வைத்திருந்தவன்கூடப் புரையேறிச் சிரித்தான். அன்றோடு சரி. அப்புறம் அக்கா யார் எதிரிலும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவாள். தன் வீட்டில், சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று மாமா சொன்னார்.

"நம்மள தெரிஞ்சவன் ஒருத்தன்கூட இல்லாத எடத்துல நாலு பேரோட ஒக்காந்து சாப்புட்டுப் பழகட்டும் மச்சான்," என்றார் மாமா. "நடுக்கடல்ல எவன் வந்து சலங்க கட்டப் போறான்?"

யோசனை நல்ல யோசனைதான். அதைக் கெடுத்தவரும் அவரே. பிற்பாடு நானும்.

*

புறப்பட்ட சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கூரையில் கண்ணாடிச் சரவிளக்குகள். துணி நாப்கின்களை மடித்துக் கொக்குகளாக உட்கார வைத்திருந்தார்கள். எங்களை அழைத்துப் போனவர் எல்லா மேசைகளையும் கடந்து, கூடத்தின் கோடிக்கு, கப்பலின் வால் பக்கத்துக்குக் கொண்டுபோனார். கடைசிச் சுவரை ஒட்டி ஒரு வட்ட மேசை. ஆரணியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு பாயும் அவர் மனைவியும் முன்னாடியே அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

கப்பல் துறைமுகத்தை விட்டது. மேசைக்கு உயிர் வந்தது.

முதலில் என் முழங்கையில் ஒரு முணுமுணுப்பு. அப்புறம் தண்ணீர்க் குவளைக்குள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருங்கிய அலைகள். கரண்டி ஒன்று தானாகத் தட்டின் விளிம்பை நோக்கி ஊர்ந்தது. கிண்ணத்தில் தயிர் பயந்த குழந்தையின் கன்னம் மாதிரித் துடித்தது. சுவரில், நாற்காலியில், பல்லில், எங்கும் ஒரே விர்ர். அடியில் ப்ரொப்பெல்லர் சுற்றுகிறது என்று பரிமாற வந்த பையன் பெருமையாகச் சொன்னான்.

"எங்க கடையில லோடு வண்டி போனா இப்டித்தான் இருக்கும்," என்றார் பாய். "அத்தன குண்டானும் ஒண்ணா பேச ஆரம்பிச்சிடும். காச குடுத்துட்டு நம்ம கடையிலயே வந்து ஒக்காந்திருக்கோம், பாருங்க."

"சக்கர போட்டா கலக்க வேணாம். கப்பலே கலக்கிடுது," என்றார் அவர் மனைவி.

அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் தக்காளி சூப் வெள்ளைச் சட்டையில் ஏறியிருந்தது. கை நடுங்கும் ஒருத்தியை, எத்தனையோ மேசை இருக்கும் கூடத்தில், நடுங்கும் மேசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். சொகுசு என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு இதுதான் சொகுசா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டையைத் துடைத்தேன், கூடத்தின் நடுவே அசையாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை முறைத்தேன், மறுபடி சட்டையைத் துடைத்தேன்.

அக்காவின் சூப் கிண்ணம் காலியாக இருந்ததை நான் பார்க்கவில்லை.

*

மறுநாள் முழுக்கக் கடல். மாமா செருப்பைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு மேல்தளத்துக்குப் போய், கப்பலைக் கிரிவலம் வர ஆரம்பித்துவிட்டார். எதிர்த்திசையில் ஓடி வருகிற, காதில் பாட்டு மாட்டிய ஜனங்களெல்லாம் அவருக்காக விலகி விலகி ஓடினார்கள். "ஒழுங்கா வலமா வாங்கப்பா!" என்று அவர்களுக்கு யோசனை வேறு.

காலைச் சாப்பாட்டிலும் அதே மேசை, அதே விர்ர். தோசை தட்டில் நடந்தது. காப்பியைப் பாய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உணவுக் கூட மேலாளரைத் தேடிப் பிடித்தேன். மும்பைப் பக்கத்து ஆள், கறுப்புக் கோட்டு, எந்நேரமும் தயார் நிலையில் இருக்கும் புன்னகை. என் ஆங்கிலம் கோபத்தில் மட்டும் நன்றாக ஓடும். ஓடியது.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மன்னிக்க வேண்டும் சார். அந்த மேசையில் அதிர்வு இருக்கும் என்று முதலிலேயே சொன்னேன். அதுதான் வேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர் கேட்டு வாங்கினார். எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்றார்."

பெரியவர் என்றால் மாமா. எல்லாம் புரிந்துவிட்டது.

மாமாவுக்கு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறைகள் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே சொல் வைப்ரேஷன். மலையைப் பார்த்த ஜன்னல் இருந்தால் வைப்ரேஷன் ஜாஸ்தி, வாடகையும் ஜாஸ்தி. ரோட்டைப் பார்த்த அறை என்றால் வைப்ரேஷன் கம்மி, ஆனால் பஸ் வசதி உண்டு. ஒருமுறை தண்ணீர் மோட்டார் பழுதாகி மாடி அறையே அதிர்ந்தபோது, கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரரிடம், "மலை இன்னைக்கு நல்லா பேசுது சார்," என்று சொல்லி மோட்டார்க்காரனை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டவர்.

மேல்தளத்துக்கு ஏறினேன். வலம் வந்துகொண்டிருந்தார்.

"மாமா, அந்த மேனேஜர்கிட்ட என்னா சொன்னீங்க?"

"எந்த மேனேஜரு? ஓ, கோட்டு போட்ட ஆளா? நல்ல மனுஷன் மச்சான். பின்னாடி மேசையில வைப்ரேஷன் இருக்கும், பரவாயில்லையானு கேட்டாரு. என்னா சார் இப்டி கேட்டுட்டீங்க, அதுக்குத்தான் ஜனங்க எங்க ஊர தேடி வருது, எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ நல்லதுனு சொன்னேன். ஆடிப் போய்ட்டாரு."

"ஆடிப் போனது நாம மாமா! அது இஞ்சின்! அடியில சுத்தற ப்ரொப்பெல்லர்!"

மாமா நின்றார். காலடித் தளத்தைப் பார்த்தார். "அப்போ நேத்து சாப்புடறப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி அமைதியா இருந்துச்சே, அது?"

நான் கத்தினேன். எதற்காக வந்தோம், யாருக்காக வந்தோம், கை நடுங்குகிறவளைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைத்தீர்கள் என்று மூச்சு விடாமல் கத்தினேன். ஓடிக்கொண்டிருந்தவர்கள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். "கவிஞருக்குக் கோவம் வந்துடுச்சு, ஓரமா போங்க," என்று மாமா அவர்களுக்குத் தமிழில் விளக்கினார். நான் எப்போதோ கவிதை எழுதியதை அவர் விடுவதே இல்லை. என் கோபத்துக்கு அது இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

சாய்வு நாற்காலியில் படுத்திருந்த அக்கா எழுந்து வந்தாள். "டேய், எதுக்குக் கத்தற? எனக்கு அந்த மேசையே போதும்."

"நீ சும்மா இரு, அக்கா. ஒனக்கு எப்பவும் எல்லாம் போதும். வாயத் தொறந்து எதையும் கேக்க மாட்ட."

"இப்போ தொறந்துதான சொல்றேன்?"

அவள் சொன்னதை நான் கேட்டேன். காதில் விழுந்த அளவுக்குக் கேட்டேன்.

மேலாளரிடம் இன்னொரு முறை போய், இன்னும் உரக்கப் பேசி, கூடத்தின் நடுவே ஒரு மேசையை வாங்கினேன். ஜெயித்துவிட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்து வாசலில் நின்ற என்னை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

*

அன்று இரவுச் சாப்பாடு புது மேசையில். விளிம்பில் பூ வேலை செய்த துணி. தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். ஓர் அலை இல்லை. எங்கள் ஊர் ஐயங்குளத்தில் மார்கழி விடியலில் இருக்குமே, காற்றுக்கு முந்தின நீர், அப்படி. உலகத்தில் இதைவிட அசையாத பொருள் ஒன்று உண்டு என்றால் அது எங்கள் மலைதான். எதிரே சென்னை அண்ணாநகரிலிருந்து வந்திருந்த ஒரு கணவனும் மனைவியும். நல்ல உடை, நல்ல மென்குரல், நாப்கினை மடியில் விரிக்கத் தெரிந்தவர்கள்.

சூப் வந்தது. அக்கா கரண்டியை எடுத்தாள்.

அந்த ஒரு கரண்டி மட்டும் நடுங்கியது. கிண்ணத்தின் விளிம்பில் பட்டு டிக்டிக்டிக்கென்று அடித்தது. கூடம் முழுக்க அடங்கிப்போய் அந்தச் சத்தத்தை மட்டும் ஒலிபெருக்கியில் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

அண்ணாநகர்க்காரர் மரியாதையாகக் குனிந்து கேட்டார். "என்னம்மா, ஷிப் ஆடுதா?"

"ஆமாங்க," என்றாள் அக்கா. "கப்பல் ஆடுது."

அவர் கண் தன் தண்ணீர்க் குவளைக்குப் போனது. அசையாத தண்ணீர். அங்கிருந்து அவர் மனைவியிடம் போனது. அந்த அம்மாள் சட்டென்று ரொட்டிக் கூடையை ஆராய ஆரம்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பசியில்ல. நீங்க சாப்புடுங்க."

எழுந்து போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அறைக்குப் போகும் நீண்ட நடைபாதையில் சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாக்கா? அந்த ஆள நான் போய்க் கேக்கறேன்."

"யாரடா கேப்ப? அவரு என்னா தப்பா கேட்டாரு?" அவள் கோபப்பட்டு நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. "அங்க எல்லாரு கையும் ஆடுச்சு. பாய் கை ஆடுச்சு, அந்தம்மா கை ஆடுச்சு, ஒன் கை ஆடி சட்டையெல்லாம் கொட்டிக்கிட்ட. நான் கொட்டினத யாரு பாத்தா? ரெண்டு கிண்ணம் சூப் குடிச்சேன்டா நேத்து. நீ பாத்தியா?"

பார்க்கவில்லை.

"நான் வாயத் தொறக்கறதில்லன்ற. தொறந்து சொன்னா கேக்கமாட்டேன்ற. ஒனக்கு என்னாதான் வேணும்?"

அப்படியே திரும்பி மேலாளரிடம் போனேன். பழைய மேசையைத் திரும்பத் தாருங்கள் என்றேன். அந்தப் புன்னகை முதல் முறையாகக் கொஞ்சம் கலைந்தது. "சார், உங்கள் புகார் நியாயமானது என்று அந்த மேசையையே மூடிவிட்டோம். ஆரணி தம்பதியையும் முன்பக்கம் மாற்றிவிட்டோம். இனி யாருக்கும் அந்த அசௌகரியம் கிடையாது."

கூடத்தின் கோடியில் அந்த வட்ட மேசை துணி உருவப்பட்டு நின்றது. நாற்காலிகளைக் கவிழ்த்து மேலே அடுக்கியிருந்தார்கள். அவற்றின் கால்கள் காற்றில் விர்ரென்று நடுங்கிக்கொண்டிருந்தன. அதிர்வே இல்லாத சாப்பாடுதான் வசதி என்று எந்த முட்டாள் முடிவு செய்தான்? நான்தான் செய்தேன். அந்தக் கோபத்தை யார் மேல் எறிவது என்று தெரியாமல், திரும்பிப் போகும் வழியில் கொக்கு மாதிரி மடித்த ஒரு நாப்கினைப் பிரித்துக் கசக்கிப் போட்டேன். அவ்வளவுதான் முடிந்தது.

*

காலையில் திருகோணமலை. அக்கா கப்பலில் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அறைக்குக் கொண்டுபோன ரொட்டியையும் தொடவில்லை.

பெயரில் பாதி நம் ஊர். திருவுக்கும் மலைக்கும் நடுவில்தான் வித்தியாசம். ஆனால் இந்த மலை கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. ரோட்டில் மாடு திரிவது மாதிரி மான் திரிகிறது. ஒரு மான் மாமாவின் பையிலிருந்து வாழைப்பழத் தோலை எடுத்துக்கொண்டு போனது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஆட்டோ ஏற்றத்தில் இருமி, ஒரு குலுக்குக் குலுக்கி, நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அதன் வயிற்றைத் திறந்து பார்த்து, "கொஞ்சம் இருங்கோ," என்றார். கொஞ்சம் நீண்டது. எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை.

நான் உள்ளே போகத் தயங்கினேன். அக்கா போய்விட்டாள். அவளுக்குப் பசி. நேற்று மதியத்துக்கு அப்புறம் எதுவும் இல்லை.

கடை நடத்தும் பெண் சோற்றை வைத்தாள், கறி வைத்தாள், தேங்காய்ப்பால் சொதியைக் கிண்ணத்தில் வைத்தாள். அக்காவின் விரல்கள் தட்டில் பட்டுத் தாளம் போட ஆரம்பித்தன. அந்தப் பெண் நகரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"என்ன அக்கா, கை நடுங்குது? வருத்தமோ?"

நான் எழப்போனேன். மாமா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். யாரும் இதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் கேட்டதில்லை, மாமா கேட்டதில்லை, நான் கேட்டதில்லை. "ஆமாம்மா," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "வருத்தம்தான். ரொம்ப வருத்தம்."

"கனகாலமோ?"

"அந்தக் கல்யாணத்துலேர்ந்து."

"கலியாணத்தில இருந்தோ!" அந்தப் பெண் மாமாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். மாமா தண்ணீரை எடுத்துக் குடித்தார். "மருந்து எடுக்கிறியளோ?"

"வருத்தத்துக்கு ஏதும்மா மருந்து?"

"ஏன் இல்லை? எல்லா வருத்தத்துக்கும் மருந்து இருக்கு. பெரியாஸ்பத்திரியில சும்மாவே தருவினம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, இவங்க ஊர்ல வருத்தம்னா வியாதி. ஒனக்கு வியாதியானு கேக்கறாங்க."

அக்கா சிரித்தாள். தோள் குலுங்க, கையோடு சேர்ந்து உடம்பெல்லாம் நடுங்கச் சிரித்தாள். "அய்யோ, எனக்கு ரெண்டும் இருக்குதும்மா! நீ ஒண்ணத்தான் கேட்ட."

அந்தப் பெண்ணுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அவளும் சிரித்தாள். "அப்ப வடிவா, நல்லாச் சாப்பிடுங்கோ," என்று இன்னும் ஒரு அகப்பை சொதியை ஊற்றினாள். அக்கா கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். கழுத்தில் வழிந்தது. முந்தானையில் வழிந்தது. அந்தப் பெண் ஒரு துணியைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். அவ்வளவு சாதாரணமாக.

*

கப்பலில் கடைசி இரவு. அறைக்கே சாப்பாடு கொண்டுவரச் சொல்கிறேன் என்றேன். அக்கா புடவை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். அதே நடு மேசை. அதே அசையாத தண்ணீர். அண்ணாநகர்க்காரரும் மனைவியும் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் அதிகமாகவே புன்னகைத்தார்கள்.

சூப் வந்தது. டிக்டிக்டிக்.

அந்த அம்மாள் ஓசைப்படாமல் தண்ணீர்க் குவளையை அக்காவின் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். எனக்குச் சுரீர் என்றது. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன்.

"நீ ஒக்காரு," என்றாள் அக்கா. "நீ எழுந்தாலே எதையாவது மாத்திடுவ."

மாமா கொல்லென்று சிரித்தார். உட்கார்ந்தேன். அக்கா கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு அண்ணாநகர்க்காரரைப் பார்த்தாள்.

"சார், நேத்து நீங்க கேட்டீங்க. நான் பொய் சொல்லிட்டேன். கப்பல் இல்ல சார். என் கை."

அவர் முகம் சிவந்தது. "சாப்பிடுங்கம்மா," என்றார். அவர் மனைவி சற்று நேரம் கழித்துக் குவளையைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள். அக்கா குடித்தாள். துணியெல்லாம் சிவப்புப் பொட்டு. கிண்ணம் காலியாகும்வரை நான் இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஊரில் எத்தனை பந்தி, எத்தனை சுவர், எவ்வளவு வீணாய்ப் போன ரசம் என்று கோபம்தான் வந்தது.

*

சென்னையிலிருந்து பஸ். திண்டிவனம் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்க ஆரம்பித்தன. எல்லார் தலையும் ஆடியது, எல்லார் தாடையும் ஆடியது. "இதுக்குப் பேரு என்னா மாமா, வைப்ரேஷனா?" என்றேன். "இது அரசாங்கம்," என்றார்.

கீழ்பென்னாத்தூரில் அவர்கள் இறங்க வேண்டும். நான் திருவண்ணாமலை போக வேண்டும். "எறங்கறவங்க சீக்கிரம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார். மாமா பைகளோடு முதலில் இறங்கினார். அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்து இறங்கி, தரையில் நின்று, என் ஜன்னலுக்குக் கீழே வந்தாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். பஸ் உறுமியது. ஜன்னல் விளிம்பில் அவள் வைத்த கையும் கம்பியைப் பிடித்திருந்த என் கையும் சேர்ந்தே ஆடின.

"ஞாயித்துக்கெழம ஒன் வீட்டுக்குச் சாப்புட வரேன்டா," என்றாள். "எதையும் மாத்தி வெக்காத. ரசம் மட்டும் வை."